கம்பியைத் துண்டிக்குமுன்

இலண்டன் மாநகரின் புறத்தே வாழும் நம்மவர் குடும்பம் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். தாயாருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. கணவர் காலமானபின் தனித்தே வாழ்கிறார். மகன் வேறொரு நகரில் வேலை, மகள் கனடாவில். ஞாயிற்றுக்கிழமை தாயைப் பார்க்க வந்த மகன், முன்கூடத்து மூலையில் இருக்கும் இணையப் பெட்டியையும் அதிலிருந்து சுவருக்கு ஓடும் வயரையும் பார்க்கிறார்.

"அம்மா, இனி இந்த வயர் ஒன்றும் தேவையில்லை. சிம் போட்ட பெட்டி ஒன்றை ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். மாதாமாதம் காசும் மிச்சம்."

"எனக்கென்ன தெரியும் தம்பி, நீ சொன்னால் சரிதானே."

பத்து நிமிடத்தில் அலுவல் முடிகிறது. பழைய இணைப்பை நிறுத்தும்படி நிறுவனத்துக்கு அறிவித்தாயிற்று; புதியதற்குப் பதிவும் செய்தாயிற்று. தாயாருக்குச் செய்ய வேண்டிய உதவியொன்றைச் செய்துவிட்ட திருப்தியோடு மகன் தேநீரைக் குடித்துவிட்டுப் புறப்படுகிறார்.

அந்தப் பத்து நிமிடத்தில் எவரும் கேளாத கேள்வி ஒன்று உண்டு. தாயாரின் கழுத்தில் தொங்கும் அபாய அழைப்புப் பொத்தான் எந்த வழியாகத் தன் செய்தியை அனுப்புகிறது? நள்ளிரவில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தால், அல்லது நெஞ்சுவலி வந்தால், அதே நேரத்தில் மின்சாரமும் தடைப்பட்டிருந்தால், அவருடைய குரல் எவ்வழியாக வெளியே செல்லும்?

வீட்டு இணைய இணைப்பைக் கம்பியிலிருந்து கம்பியில்லா முறைக்கு மாற்றுவதா என்பது இன்று பல வீடுகளில் பேசப்படும் விடயம். வேகம் எவ்வளவு, விலை எவ்வளவு என்ற இரண்டையும் வைத்தே அநேகர் முடிவு செய்கின்றனர். இளங் குடும்பத்துக்கு அவ்விரண்டும் போதுமானவையாக இருக்கலாம். முதியவர் தனித்து வாழும் வீட்டுக்கு அவை போதா. அங்கே முதலில் கேட்க வேண்டியது, ஆபத்து வேளையில் உதவிக்கு அழைக்கும் வழி அறாமல் இருக்குமா என்பதேயாகும். இதனை வலியுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்தக் கம்பி, எந்தக் காற்று?

கம்பியில்லா இணைப்பு என்ற சொல் வீடுகளில் இரு பொருளில் வழங்குவதால் முதலில் அதைத் தெளிவுபடுத்துதல் நன்று. ரூட்டர் எனப்படும் பெட்டியிலிருந்து கைத்தொலைபேசிக்கும் கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் வீட்டினுள்ளே காற்று வழியாகச் செல்வது வைஃபை. இது ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. இங்கு பேசப்படுவது அதுவன்று. வெளியிலிருந்து அந்தப் பெட்டி வரைக்கும் இணையம் எவ்வாறு வந்து சேர்கிறது என்பதே கேள்வி.

அதற்கு மூன்று பிரதான வழிகள் உண்டு. முதலாவது பழைய தொலைபேசிச் செப்புக் கம்பி. இரண்டாவது ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழை. மூன்றாவதுதான் கம்பியில்லா வழி: கைத்தொலைபேசிக் கோபுரத்திலிருந்து வரும் 4ஜி அல்லது 5ஜி அலையை, சிம் பொருத்திய பெட்டியொன்று வீட்டில் வாங்கிக்கொள்ளும்.

இம்மூன்றாவது வழியில் நன்மை இல்லாமலில்லை. சுவரில் துளையிட வேண்டியதில்லை. வேலையாள் வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வாடகை அறையில் இருக்கும் மாணவருக்கும், அடிக்கடி வீடு மாறும் குடும்பத்துக்கும், கண்ணாடி இழை இன்னும் வந்து சேராத தெருவில் உள்ளவர்க்கும் இது பெரும் வசதி. கோபுரம் அண்மையில் இருப்பின் வேகமும் நன்றாகவே கிடைக்கும்.

குறைகளும் உண்டு. தடித்த சுவரும், வெப்பம் வெளியேறாதிருக்க உலோகப் பூச்சுப் பூசிய ஜன்னற் கண்ணாடியும் அலையை மட்டுப்படுத்தும். மாலையில் அயலவர் எல்லோரும் ஒரே கோபுரத்தைப் பயன்படுத்தும்போது வேகம் குறையலாம். ஒரு வீட்டில் நன்றாக வேலை செய்வது அடுத்த தெருவில் வேலை செய்யாமற் போகலாம். ஆகவே கோயில் மண்டபத்தில் ஒருவர் "எங்கள் வீட்டில் திறம்" என்று சொன்னதைக் கேட்டு மற்றவர் மாறுவது புத்தியன்று. இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்த மருந்தை வாங்கி விழுங்குவதைப் போன்றது அது.

செப்புக் கம்பி செய்த தொண்டு

பழைய தொலைபேசியில் பலர் கவனியாத சிறப்பு ஒன்று இருந்தது. அது வீட்டு மின்சாரத்தை நம்பியிருக்கவில்லை. தொலைபேசி நிலையத்திலிருந்தே ஏறக்குறைய 50 வோல்ட் மின்னழுத்தம் அதே செப்புக் கம்பியினூடாக வந்தது. நிலையத்தில் பெரிய பட்டரிகளும் மின்பிறப்பாக்கியும் இருந்தன. ஆதலால் தெரு முழுவதும் இருளில் மூழ்கினாலும், சுவர்ச் சொருகியில் நேரே பொருத்தப்பட்ட சாதாரண தொலைபேசி வேலை செய்தது. கையில் எடுத்துக்கொண்டு நடமாடும் தொலைபேசிக்கு இந்தச் சிறப்பு இருக்கவில்லை. அதன் அடிப்பெட்டிக்கு வீட்டு மின்சாரம் தேவை.

பிரித்தானியாவில் இந்தப் பழைய முறையை 2025 டிசெம்பரில் மூடுவதாக முதலில் திட்டமிடப்பட்டது. அபாய அழைப்புக் கருவிகளை நம்பி வாழும் முதியோரையும் நோயாளரையும் பாதுகாப்பாக மாற்றுவதற்குக் கூடுதல் காலம் வேண்டியிருந்தமையால், 2024 மே மாதத்தில் அத்தவணை 2027 ஜனவரிக்குத் தள்ளி வைக்கப்பட்டது. இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 18 இலட்சம் பேர் என்று அரசாங்கம் கூறியது. மாற்றத்தின்போது சிலருடைய கருவிகள் வேலை செய்யாமற் போன பாரதூரமான சம்பவங்களுக்குப் பின்னர், 2023 டிசெம்பரில் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் அரசாங்கத்துடன் ஒரு சாசனத்தில் ஒப்பமிட்டன. பாதுகாப்பு உறுதி செய்யப்படாமல் எவரையும் கட்டாயமாக மாற்றுவதில்லை என்பது அதன் சாரம்.

அந்தச் சாசனம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். அன்புள்ள மகன் ஒரு ஞாயிறு மாலை தாமாகவே செய்யும் மாற்றத்தை அது தடுக்காது. கவனிக்க வேண்டிய இடம் இதுவே.

புதிய முறையில் தொலைபேசிக் குரலும் இணையத்தினூடாகவே செல்கிறது. ரூட்டருக்கு மின்சாரம் இல்லையெனில் குரலும் இல்லை. கண்ணாடி இழைக்கும் இது பொருந்தும். இழையின் வழியே ஒளி செல்லுமேயன்றித் தொலைபேசியை இயக்கும் மின்சாரம் செல்லாது. எனவே "எங்கள் வீட்டில் கம்பி இருக்கிறது, பயமில்லை" என்று இருந்துவிடுவதும் தவறாகும்.

ஆயினும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. கண்ணாடி இழை வீடுகளில் நிலையத்திலிருந்து வீடு வரையுள்ள பாதையில் பொதுவாக மின்சாரம் வேண்டிய கருவி எதுவும் இருப்பதில்லை. நிலையத்தில் பட்டரி உண்டு. வீட்டில் ஒரு சிறு பட்டரியை வைத்துவிட்டால் பாதை திறந்தே இருக்கும். கம்பியில்லா முறையிலோ வீட்டில் பட்டரி வைத்தாலும் போதாது. கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டும். நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் பட்டரி இல்லாத கோபுரங்கள் பல. தெருவில் மின்சாரம் நின்றால் அதே தெருவுக்கு அலை தரும் கோபுரமும் நின்றுவிடக் கூடும்.

இது வெறும் கற்பனைப் பயமன்று. 2021 நவம்பர் இறுதியில் ஆர்வென் எனப் பெயரிடப்பட்ட புயல் ஸ்கொட்லாந்தையும் வட இங்கிலாந்தையும் தாக்கியபோது ஏறக்குறைய 10 இலட்சம் வீடுகளில் மின்சாரம் தடைப்பட்டது. அவற்றுள் ஏறத்தாழ 4,000 வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேலாக மின்சாரம் இல்லை. குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு வாரம்! பெருநகரத்தில் அவ்வளவு நீண்ட தடை அரிது. ஆனால் விழுந்து கிடப்பவருக்கு ஒரு வாரம் வேண்டியதில்லை. ஓர் இரவே போதும்.

ஒரு தீயும் ஓர் இலக்கமும்

அழைப்பின் அருமையைக் காட்ட இலண்டன் வரலாற்றிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1935 நவம்பரில் விம்போல் வீதியில் ஒரு வைத்தியரின் இல்லத்தில் தீப்பிடித்தது. எதிர்ப்புறத்தில் வாழ்ந்த ஒருவர் உடனே தீயணைப்புப் படைக்குத் தொலைபேசியில் அழைக்க முயன்றார். சாதாரண அழைப்புகளோடு அவருடைய அழைப்பும் வரிசையில் காத்திருக்க நேர்ந்தது. அத்தீயில் ஐந்து பெண்கள் உயிரிழந்தனர். அவர் அதனைப் பத்திரிகைக்கு எழுதினார், விசாரணை நடந்தது. அதன் விளைவாக 1937 ஜூன் 30ஆம் திகதி இலண்டனில் 999 என்னும் அவசர அழைப்பு இலக்கம் தொடங்கப்பட்டது.

அன்றைக்குத் தொலைபேசி இருந்தது, கம்பி இருந்தது, அழைப்பதற்கு ஆளும் இருந்தார். இருந்தும் வேண்டிய நிமிடத்தில் வழி திறக்கவில்லை. நாளாந்தம் நன்றாக வேலை செய்யும் கருவி ஆபத்து நிமிடத்தில் வேலை செய்யுமா என்பதைத் தனியாகச் சோதித்தே அறிய வேண்டும் என்ற பாடம் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றே.

விழுந்தபின் கழியும் நேரம்

முதியவர் விழுந்தால் எலும்பு முறிந்ததா என்றே பிள்ளைகள் முதலில் கேட்பர். எவ்வளவு நேரம் தரையில் கிடந்தார் என்ற கேள்வியும் வைத்தியருக்கு அதேயளவு முக்கியம். எலும்பு முறியாதவருங்கூட எழ முடியாமல் மணிக்கணக்கில் கிடந்தால், உடலின் பாரத்தால் நசுங்கும் தசை சிதைந்து அதன் கழிவுகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அழுந்திய தோல் புண்ணாகும். உடல் குளிர்ந்துவிடும். நீர் வற்றும். நுரையீரலிற் சளி கட்டிக் காய்ச்சல் வரலாம். இவற்றுக்கு மேலாக, "இனித் தனியே இருக்க என்னால் முடியாது" என்ற அச்சம் மனத்தில் குடிகொண்டுவிடும். அந்த அச்சத்தினாலேயே நடமாட்டத்தைக் குறைத்துப் பலவீனமடைந்தவர் பலர்.

கேம்பிரிட்ஜில் 90 வயதைக் கடந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2008இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியாயிற்று. ஓராண்டில் விழுந்தவர்களுள் 30 வீதமானோர் ஒரு தடவையேனும் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையிற் கிடந்திருந்தனர். அபாய அழைப்பு வசதி பலரிடம் இருந்தும், நீண்ட நேரம் கிடந்த பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அது பயன்படுத்தப்படவில்லை என்பதையும் அவ்வாய்வு காட்டிற்று.

காரணத்தை ஊகிப்பது நம்மவருக்குக் கடினமன்று. பொத்தான் கட்டிற் காலில் மாட்டியிருக்கும். குளிக்கப் போகும்போது கழற்றி வைப்பார், குளியலறையில்தான் வழுக்கும். கையில் இருந்தாலும் "இந்த நேரத்தில் பிள்ளைகளை ஏன் எழுப்புவான்?" என்ற எண்ணம் தடுக்கும். இவ்வளவையும் கடந்து ஒரு தாயார் துணிந்து பொத்தானை அழுத்தும்போது, மறுமுனையில் எவரும் இல்லை என்ற நிலை ஏற்படலாமா? பழைய கருவிகள் தொலைபேசிக் கம்பி வழியாக ஒலிக் குறிகளை அனுப்பும் வகையில் அமைந்தவை. கம்பி இணைப்பு நிறுத்தப்பட்டால் அவை ஊமையாகும். கருவியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம். பொத்தானை அழுத்தினால் சத்தமுங்கூட எழலாம். செய்தி மட்டும் போகாது.

வேண்டாத பயம்

கம்பியில்லாப் பெட்டியைப் பற்றி மண்டபத்தில் அதிகம் கேட்கப்படுவது வேறொரு கேள்வி: "அந்த அலை உடம்புக்குக் கூடாதாமே, புற்றுநோய் வருமாமே?" இதற்கும் விடை கூறுதல் அவசியம்.

இவை வானொலி அலை இனத்தைச் சேர்ந்தவை. எக்ஸ் கதிரைப் போல உயிரணுவின் மூலக்கூறுகளை உடைக்கும் ஆற்றல் இவற்றுக்கு இல்லை. 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் இவ்வலைகளைப் "புற்றுநோயை ஏற்படுத்தும் சாத்தியம் இருக்கலாம்" என்ற வகையிற் சேர்த்தது உண்மையே. அது ஐயத்துக்கு இடமுண்டு என்று மட்டும் சொல்லும் வகை, நிரூபணம் அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளில் செய்யப்பட்டு 2024இல் வெளியான விரிவான மீளாய்வு, கைத்தொலைபேசிப் பாவனைக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை என்றே முடித்தது. பிரித்தானியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்கொம் 2020இல் பத்து நகரங்களில் 5ஜி கோபுரங்களின் அருகே அளந்தபோது, மிகக் கூடியதாகக் கண்ட அளவு சர்வதேச வரம்பில் ஏறத்தாழ 1.5 வீதம் மாத்திரமே.

இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தியவர்கள் கைத்தொலைபேசியைச் சட்டையின் நெஞ்சுப் பையில் வையாது, கருவியிலிருந்து குறைந்தது 15 சென்ரிமீற்றர் தள்ளி வைத்தால் போதும். ஜன்னலில் இருக்கும் பெட்டிக்காக இவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. அலைக்குப் பயந்து உறக்கம் இழப்பவர், அழைப்பு வழி அறுந்துவிடுமே என்று ஒரு தரமாவது சிந்தித்தால் அதுவே பயனுள்ளது.

செய்ய வேண்டியவை

பெற்றோர் வீட்டு இணைப்பை மாற்ற எண்ணும் பிள்ளைகள் கவனிக்க வேண்டியவை சில.

முதலாவது, அபாயப் பொத்தான் இருப்பின், இணைப்பைத் தொடுமுன் அதனைக் கண்காணிக்கும் நிலையத்துடன் கதைத்தல் வேண்டும். "இந்தக் கருவி கம்பித் தொலைபேசி இல்லாமல் வேலை செய்யுமா?" என்று நேராகக் கேட்க வேண்டும். சொந்தச் சிம்மும் பட்டரியும் கொண்ட புதிய கருவிகள் உள்ளன. அது வந்து பொருத்தப்பட்டு, பொத்தானை அழுத்தி, மறுமுனையில் ஆள் பேசியபின்னரே பழைய இணைப்பை நிறுத்தலாம். வீட்டில் இத்தகைய கருவி உண்டு என்பதைத் தொலைபேசி நிறுவனத்துக்கும் அறிவிக்க வேண்டும்.

இரண்டாவது, இரண்டு இணைப்பும் இரு வாரமேனும் ஒருங்கே இருக்கட்டும். இணையத்திலோ தொலைபேசியிலோ செய்யும் ஒப்பந்தத்தை 14 நாட்களுள் கைவிடும் உரிமை இந்நாட்டுச் சட்டத்தில் உண்டு. அந்நாட்களில் படுக்கையறையிலும் சமையலறையிலும், காலையிலும் இரவு எட்டு மணிக்கும் சோதித்துப் பார்க்கலாம். மழைநாளில் ஒரு தடவை பார்ப்பதும் நன்று.

மூன்றாவது, வீட்டுத் தொலைபேசி இலக்கம். கம்பியில்லா இணைப்புகள் பலவற்றில் வீட்டுத் தொலைபேசிச் சேவை சேர்ந்து வருவதில்லை. இலக்கம் தேவையெனில் அதனைப் புதிய சேவைக்கு மாற்றிய பின்னரே பழையதை நிறுத்த வேண்டும். முதலில் நிறுத்தினால் இலக்கம் கைவிட்டுப் போகலாம். முப்பது ஆண்டுகளாக யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் உள்ள உறவினர் மனப்பாடமாக வைத்திருக்கும் இலக்கம் அது. நினைவு மங்கிவரும் முதியவருக்குப் பல புதிய விடயங்கள் மறந்தாலும், பழகிய தொலைபேசியைக் காதில் வைக்கும் பழக்கம் நெடுநாள் நிற்கும். சிறிய காரியமென்று இதைத் தள்ளிவிடக் கூடாது.

நான்காவது, ஒரு மாலைப் பொழுதில் பிள்ளைகள் அருகில் இருக்கும்போதே ரூட்டருக்குரிய மின்சாரத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். எது வேலை செய்கிறது, எது நின்றது என்பது ஐந்து நிமிடத்தில் தெளிவாகும். அபாயக் கருவியைச் சோதிப்பதாயின் கண்காணிப்பு நிலையத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆபத்து வேளையில் அழைப்பதற்கு வீட்டுத் தொலைபேசியை மாத்திரமே நம்பியிருப்பவர்க்கு, மின்தடையின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்புக்கு வழி செய்யும் ஏற்பாட்டை நிறுவனம் இலவசமாக வழங்க வேண்டும் என்பது ஒஃப்கொம் அமைப்பின் விதி. கேட்காதவர்க்கு அது தானாக வந்து சேரும் என்று இருந்துவிடக் கூடாது.

ஐந்தாவது, இரண்டு வழிகள் வேண்டும். அவை வெவ்வேறாகவும் இருக்க வேண்டும். வீட்டு இணையப் பெட்டியும் தாயாரின் கைத்தொலைபேசியும் ஒரே நிறுவனத்தின் கோபுரத்தை நம்பியிருந்தால், அக்கோபுரம் நிற்கும்போது வீட்டு இணைப்பும் கைத்தொலைபேசியும் ஒருங்கே நிற்கும். கைத்தொலைபேசிக்கு வேறு வலையமைப்பைத் தெரிவது உத்தமம். 999 அழைப்பு மட்டும் சொந்த வலையமைப்பு இல்லாவிடத்தும் அங்கு கிடைக்கும் வேறொன்றின் வழியாகச் செல்லும். ஆயினும் பிள்ளைகளை அழைக்க அந்தச் சலுகை இல்லை. சில வீடுகளில் உள்ளே கோபுர அலை கிடையாது. வைஃபை மூலமே கைத்தொலைபேசி பேசும். அத்தகைய வீட்டில் ரூட்டர் நின்றால் கைத்தொலைபேசியும் நிற்கும் என்பதை மறக்கலாகாது. நிறுவனங்கள் 3ஜி சேவையை மூடி வந்தமையால், மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய கைத்தொலைபேசியை நம்பியிராமல் இயக்கிப் பார்க்கவும் வேண்டும்.

ஆறாவது, மின்சார வலையமைப்பு நிறுவனங்கள் முதியோருக்கும் நோயாளருக்கும் முன்னுரிமைச் சேவைப் பதிவேடு ஒன்றை இலவசமாக நடத்துகின்றன. அதிற் பெயரைச் சேர்த்துவிட்டால் மின்தடை பற்றிய அறிவித்தலும் உதவியும் முந்திக் கிடைக்க வழியுண்டு. மின்தடை வேளையில் இலவசமாக அழைக்க 105 என்னும் இலக்கம் உள்ளது. அந்த இலக்கத்தையும் பிள்ளைகளின் இலக்கங்களையும் அயலவர் ஒருவரின் இலக்கத்தையும் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டி வைக்கலாம். கைத்தொலைபேசியின் நினைவில் மாத்திரம் இருக்கும் இலக்கம் அதன் பட்டரி இறங்கினால் எவருக்கும் உதவாது.

ஏழாவது, இந்த மாற்றத்தைக் காரணங் காட்டி ஏமாற்றுவோரும் புறப்பட்டிருக்கின்றனர். "உங்கள் அபாயக் கருவியைப் புதிய முறைக்கு மாற்ற வேண்டும், வங்கி விபரம் தாருங்கள்" என்று கேட்பவருக்கு எதுவும் கூறாமல் தொலைபேசியை வைத்துவிடும்படி பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தல் அவசியம்.

யாருடைய முடிவு?

"எல்லோரிடமும் கைத்தொலைபேசி இருக்கிறதே, இதற்கு ஏன் இவ்வளவு பிரயாசை?" என்று சிலர் கேட்கலாம். பகலில் அது சரி. இரவில் அந்தக் கைத்தொலைபேசி கீழே சமையலறையில் மின்னேற்றியில் இருக்கும். தாயார் மேலே குளியலறையில் இருப்பார். மூக்குக் கண்ணாடி இன்றி எழுத்துத் தெரியாது. நடுங்கும் ஈரக் கையை அந்தக் கண்ணாடித் திரை ஏற்காது. கைத்தொலைபேசி இருக்கட்டும்; அது கையெட்டும் இடத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வேறு சிலர், "அப்படியானால் முதியோர் வீட்டில் எதையும் மாற்றக்கூடாதா?" என்று கேட்கலாம். மாற்றலாம், மாற்றியே ஆகவேண்டிய காலமும் வந்துவிட்டது. செப்புக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பதில் இனிப் பயனில்லை. கண்ணாடி இழை வந்துள்ள தெருவில், தனித்து வாழும் முதியவருக்கு இழையும் பட்டரியும் வேறு வலையமைப்புக் கைத்தொலைபேசியும் சேர்ந்த ஏற்பாடே சிறந்தது எனலாம். இழை இல்லாத இடத்தில் கம்பியில்லா இணைப்பும், அபாயப் பொத்தானுக்குத் தனிச் சிம்மும் வைத்துக்கொள்ளலாம். மாதம் சில பவுண் மிச்சம் பிடிப்பதற்காக மாத்திரம் இருக்கும் வழியை மூடுவது பொருத்தமன்று.

இதைவிட முக்கியமான விடயமொன்று உண்டு. சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளிக்கு நன்மையையும் தீமையையும் விளக்கி அவருடைய சம்மதம் பெறுவது வைத்தியத்தின் நியதி. நோயாளி முதியவர் என்பதற்காகப் பிள்ளையிடம் மாத்திரம் கையொப்பம் வாங்கிவிட முடியாது. வீட்டுத் தொலைபேசி விடயத்தில் அந்த மரியாதை பெற்றோருக்குக் கிடைக்கிறதா? "நீ சொன்னால் சரிதானே" என்பது பிள்ளை மேலுள்ள நம்பிக்கை. விளங்கிக்கொண்டு கொடுத்த சம்மதம் அதுவன்று. எது மாறப்போகிறது, மின்சாரம் நின்றால் எது நிற்கும், அப்போது என்ன செய்ய வேண்டும் என்பவற்றை அவருக்கு விளங்கும் தமிழில், பொறுமையாக, இரண்டு தரம் சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அதற்கான காரணத்தையும் கேட்க வேண்டும். இந்நாட்டுக்கு வந்த காலத்தில் அஞ்சற் கந்தோரிலும் வங்கியிலும் பிள்ளைகளின் பாடசாலையிலும் தெரியாத மொழியில் நின்று போராடிய தலைமுறை அது. தமது வீட்டு வயரைப் பற்றிக் கருத்துச் சொல்ல அவர்களுக்கு இயலாதா?

சங்கமும் இதில் ஒரு பணியைச் செய்யலாம். கணினி அறிவுள்ள இளைஞர் நம்மிடையே குறைவில்லை. தனித்து வாழும் மூத்த அங்கத்தவர் வீடுகளுக்கு இருவர் இருவராகச் சென்று, மேலே சொன்ன சோதனைகளைச் செய்து, இலக்கங்களை எழுதி ஒட்டிவிட்டு வர ஒரு சனிக்கிழமை போதும். செல்பவர் எவரென்பதைச் சங்கம் முன்கூட்டியே வீட்டாருக்கு அறிவித்துவிட்டால் அந்நியரென்ற அச்சமும் எழாது. அக்டோபர் இறுதியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்வைக்கும் வாரத்தை இதற்கென ஒதுக்கிக்கொண்டால், குளிரும் புயலும் வருமுன் வேலை முடிந்துவிடும்.

கட்டுரையின் தொடக்கத்தில் வந்த மகன் கெட்டவரல்லர். தாயின் செலவைக் குறைக்க எண்ணிய நல்ல பிள்ளைதான். அவர் அடுத்த ஞாயிறு மீண்டும் வந்து, கண்காணிப்பு நிலையத்துக்கு அறிவித்துவிட்டு, ரூட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, "அம்மா, இப்ப ஒருக்கால் அந்தப் பொத்தானை அழுத்துங்கோ" என்று கேட்கட்டும். மறுமுனையிலிருந்து ஒரு குரல் பதில் சொன்னால், பழைய வயரை நிம்மதியாகக் கழற்றலாம். பதில் வராவிட்டால், அதை அவர் பக்கத்தில் இருந்த பொழுதிலேயே அறிந்துகொண்டது நல்லதாயிற்று.